வாசலில் நின்ற இருவர்

"பாருங்க சார், பளிச்சுன்னு ஆயிடுச்சு!" சட்டம் போட்ட சின்ன வாட்டர்கலர் படத்தைப் பெருமையாக நீட்டினார் ஃபிரேம் கடைக்காரர். ஓட்டு வீடு, ஓடை, பின்னால் மலை.

கையில் வாங்கிய வாடிக்கையாளரின் கண் படத்திலிருந்த வீட்டு வாசலிலேயே தேடியது. "இங்க பென்சில்ல ரெண்டு பேர் நின்னாங்களே?"

"அதுவா? ஏதோ குழந்தை கிறுக்கியிருந்தது. ஒரு மணி நேரம் உக்காந்து தடமே தெரியாம அழிச்சேன்."

"படம் கடையில வாங்கினதுங்க. அந்த ரெண்டு பேரைத்தான் என் பொண்ணு வரைஞ்சா. அவளும் நானும்."

கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. "ஐயையோ! பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார். கண்ணாடியைக் கழட்டித் தர்றேன், மறுபடி வரையட்டும்."

"அவ இருந்திருந்தா இதுக்கு ஃபிரேம் எதுக்குங்க?"

தலை குனிந்த கடைக்காரரின் கண்ணில், மேஜையில் இன்னும் துடைக்காமல் கிடந்த ரப்பர் துகள்கள் பட்டன. ஊதித் தள்ள அவருக்கு மூச்சு வரவில்லை.