நின்றுபோனதன் பெயர்

1978. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியின் சரக்குத் தளத்தில் எந்த இயந்திரம் நின்றாலும் கம்ப்யூட்டர் அதன் எண்ணை மட்டுமே அச்சடிக்கும். அது எந்த இயந்திரம் என்று தேடுவதற்குள் வேலை கெட்டுவிடும். அதனால், பெயரையே அச்சடிக்கும்படி அடிப்படைப் புரோகிராமில் புதிதாக ஒரு குறியீட்டைச் சேர்த்தான், அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் கஸ்பார்.

காலையில் ‘வடக்கு கிரேன் நின்றது’ என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் ‘தொம்மை நின்றது’ என்று வந்தது.

தொம்மை அவன் தம்பி. அதே தளத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்ப்பவன். மனிதர் பெயர் எதையும் கஸ்பார் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் தளத்துக்கு ஓடினான். தொம்மை ஏணியில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தான்.

“ஏலே, ஒனக்கு ஒண்ணுமில்லையே?”

“எனக்கென்ன? பசிக்கி அண்ணே, வீட்டுக்குப் போவோம்.”

கஸ்பாருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. தம்பியைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தான். தொம்மை அண்ணனின் தோளில் முகத்தைச் சாய்த்து, கடலடியில் பார்த்ததையெல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தான்.

மாதா கோயில் திருப்பத்தில்தான் கஸ்பாருக்கு உறைத்தது. இவ்வளவு பேசுகிறவனின் மூச்சு ஒரு தடவைகூடத் தன் பிடரியில் படவில்லை.

அவன் சைக்கிளை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீட்டில் அம்மா இரண்டு தட்டு வைத்துக் காத்திருப்பாள்.