கேக் கடைக் கேமரா

ஜோகுபாளையத்தில் பிரிஜெட் ஆன்ட்டியின் கேக் கடையிலிருந்து எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே இறங்கி வந்ததைப் பார்த்ததும் டென்சில் தெருவிலேயே நின்றுவிட்டான்.

ஆடும் திரைச்சீலைக்கும் நடமாடும் மனிதனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் கேமரா, டென்சில் ராப்பகலாக மண்டையை உடைத்து உருவாக்கியது. அதை அப்படியே சுட்டு விற்ற வைட்ஃபீல்ட் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருந்தான். அவர்களோ, அவனுடைய காப்புரிமையே செல்லாது என்று மல்லுக்கு நின்றார்கள்.

காலையில்தான் அவனுடைய வக்கீல் ஸ்ரீரஞ்சனி போனில் எச்சரித்திருந்தார்.

"நீங்க காப்புரிமைக்கு அப்ளிகேஷன் போட்டது ஜனவரி. முதல் கேமராவை அந்தக் கடையில மாட்டுனது அதே வருஷ ஈஸ்டருக்கு. அதனாலதான் தப்பிச்சோம். ஜனவரிக்கு முன்னாடியே மாட்டியாச்சுன்னு அந்தம்மா சொல்லிட்டா, ஊரறிஞ்ச சரக்குக்கு காப்புரிமை கிடையாதுன்னு கேஸே படுத்துடும், டென்சில்!"

அந்தம்மா சொல்லக்கூடியவர்தான். டென்சில் தன் கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்ததிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. சர்ச்சில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கேஸ் போனால் கம்பெனியும் போகும். அவனை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் நடுத்தெருவுக்கு வருவார்கள். வேகமாகக் கடைக்குள் நுழைந்தான்.

"ஆன்ட்டி... அந்த வக்கீல் இன்னா கேட்டாரு?"

"கேமரா எப்போ மாட்டுனேன்னு கேட்டாரு. சொன்னேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கினு போயிட்டாரு." ஆன்ட்டியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"எம்மேல கோவம்னா நாலு அறை வுடுங்க ஆன்ட்டி. அத கேஸ்ல போயி காட்டலாமா?" டென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரிஜெட் ஆன்ட்டி அவனை முறைத்தார். பிறகு ஒரு துண்டு பிளம் கேக்கை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"பைத்தியக்காரா! கல்யாணத்துக்குக் கூப்புடலன்னா, நீ எங்க ஜோகுபாளையத்துப் புள்ள இல்லன்னு ஆயிடுமா? எவனோ வந்து உன் பொருள அவனுதுன்னுவான், நான் பாத்துக்கினு சும்மா இருப்பேனா?"

அப்பாடா! டென்சிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேக்கை ஆசையாக ஒரு கடி கடித்தான்.

"அப்போ ஈஸ்டருக்கு மாட்டுனதுன்னு கரெக்டா சொல்லிட்டீங்க!"

"ஈஸ்டர்னா லேட்டாயிடும்லடா? நீதான் மொதல்ல செஞ்சேன்னு ஆவட்டுமேன்னு, உனக்காக அதுக்கு முந்தின கிறிஸ்மஸ்னு சொல்லிட்டேன்!"