நாற்பது கிராம்

ருமேனா புகையிலை கோர்த்துக்கொண்டிருந்தாள். இலையின் நடு நரம்பில் ஊசியை ஏற்றி, ஊசி நிறைந்ததும் நூலுக்குத் தள்ளிவிட வேண்டும். விடியுமுன் பறித்த இலை, வாடுவதற்குள் சரமாகிவிட வேண்டும்.

எதிரே உட்கார்ந்து கோர்த்துக்கொண்டிருந்த மாமியார் வெலிக்கா ஆரம்பித்தாள்.

"கை நல்லாத்தான் ஓடுது. பால்தான் ஓட மாட்டேங்குது. மூணு மாசப் பிள்ளையா இது? வெங்காயத்தாள் மாதிரி கிடக்கு!"

ருமேனா அடுத்த இலையை ஊசியில் ஏற்றினாள். மாமியாரை எதிர்த்து என்றைக்குமே பேசியதில்லை. கணவன் ஜெர்மனியில் கட்டட வேலையில் இருந்தான். அவனிடம் போனில் பேசும்போதுகூட அவளுக்குக் குரல் எழும்பாது.

பால் ஊறும் என்று எல்லோரும் சொன்னதால், புளித்த தினைக்கூழான போசாவைத் தினமும் குடம் குடமாகக் குடித்தாள். குழந்தை நேடாவோ இரண்டு வாய் குடித்ததும் மார்பிலேயே தூங்கிவிடுவாள். வயிறு நிறைந்து தூங்குகிறாளா, களைத்துத் தூங்குகிறாளா? அதுதான் ருமேனாவுக்குத் தெரியவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. வாராவாரம் எடை பார்க்க வரும் நர்ஸ் பிஸேரா, தராசைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ருமேனா பச்சைத் தக்காளியை நசுக்கி, விரலில் ஒட்டியிருந்த புகையிலைப் பிசினைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடினாள். மாமனார் நாஸ்தேயும் வந்து எட்டிப் பார்த்தார்.

குழந்தையின் துணியைக் கழற்றித் தராசில் கிடத்தினார்கள். பிஸேரா முள்ளைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஒரு வாரத்துல நாற்பது கிராம்தான் ஏறியிருக்கு."

ருமேனா குழந்தையைத் தராசிலிருந்து வாரி எடுத்தாள்.

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பவுடர் பால்தான்" என்றாள் பிஸேரா. அவள் ருமேனாவைப் பார்க்கவில்லை, நாஸ்தேயைப் பார்த்துத்தான் சொன்னாள். "பெத்தவளுக்குத் தூக்கமில்லை, அதான் பால் இறங்கலை. இனிமே இவ வயலுக்குப் போகக்கூடாது, இலையைத் தொடக்கூடாது. பகல்ல பிள்ளையோட படுத்துக்கணும். பிள்ளை கேட்கிறப்போ எல்லாம் கொடுக்கணும்."

"அறுவடை நேரத்துல படுக்கிறதா?" நாஸ்தே துள்ளினார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் இலை கோர்த்துக்கிட்டேதான் பால் கொடுத்தாங்க!"

"அதைத் தராசுகிட்ட சொல்லுங்க, பெரியவரே."

நாஸ்தே தராசைப் பார்த்தார். புகையிலைக் கொள்முதல் நிலையத்துத் தராசுக்கு முன்னால் வருஷா வருஷம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர். யாரிடம் வாதாடினாலும் தராசிடம் வாதாடிப் பழக்கமில்லை.

"சரி, படுக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு வயலைப் பார்க்க நடந்தார்.

"நல்லாயிருக்கு!" வெலிக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மகாராணி கட்டில்ல, கிழவி புகையிலையில! அவ சரத்தையும் நானே கோர்க்கணுமாம். எல்லாம் என் தலையெழுத்து."

ருமேனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தி, மார்பில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணீர் குழந்தையின் நெற்றியில் சொட்டியது. பவுடர் பால். தன்னால் தரமுடிந்தது தாய்ப்பால் ஒன்றுதான். அதுவும் போதவில்லை.

பிஸேரா எழுதிவிட்டுப் போன எடைப் புத்தகம் கட்டிலில் கிடந்தது. ருமேனா நாலு வகுப்புத்தான் படித்தவள். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

போன வாரம், ஐந்து கிலோ இருநூறு. இந்த வாரம், ஐந்து கிலோ முந்நூற்று எண்பது.

விரல் விட்டுக் கழித்தாள். மறுபடியும் கழித்தாள். நூற்று எண்பது!

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக் காருக்கு ஓடினாள். பிஸேரா தராசைக் காரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்..." மூச்சு வாங்கியது. "எனக்குப் படிப்பு கம்மி, தப்பா நினைக்காதீங்க. நீங்க நாற்பதுன்னீங்க. இதுல நூத்தியெண்பது வருது. எழுதினது தப்பா, சொன்னது தப்பா?"

பிஸேரா வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"சொன்னதுதான் தப்பு. எழுதறதுல நான் பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை ஜம்முனு இருக்கு. உன் பாலே போதும்."

ருமேனா அப்படியே காரில் சாய்ந்துவிட்டாள்.

"அப்போ ஏன் சிஸ்டர் அப்படிச் சொன்னீங்க? உயிரே போயிடுச்சு."

"உன்னைப் பயமுறுத்தினது பாவம்தான். ஆனா உன் முகத்துல ஒண்ணும் ஒளியாதாம். உன்கிட்ட சொன்னா உன் மாமனார் கண்டுபிடிச்சிடுவாராம்."

"யார் சொன்னாங்க?"

"திங்கக்கிழமை ஒருத்தங்க ஆறு கிலோமீட்டர் நடந்து எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. 'நான் சொன்னா அந்த மனுஷன் கேட்க மாட்டார், தராசு சொன்னா கேட்பார். எடையைக் குறைச்சுச் சொல்லும்மா, அந்தப் பொண்ணு கொஞ்சம் தூங்கட்டும்'னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தூக்கமில்லாம இலை கோர்த்தே அவங்க மூத்த பிள்ளைக்கு ஊறின பாலையெல்லாம் புகையிலை குடிச்சிடுச்சாம்."

"யாரு சிஸ்டர்?"

"வேற யாரு? உன் மாமியார்தான்."

ருமேனா வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அவங்களா? சிஸ்டர், நான் அவங்களைப் போய் இத்தனை நாளா..."

"அடியே ருமேனா!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "வெயில்ல நின்னு என்னடி அரட்டை? போய்ப் படுடி!"