வளைவுப் பிள்ளையார்

"சாமியே இல்லேன்னு டீக்கடையில மணிக்கணக்காப் பேசுறவன், தினம் பிள்ளையாருக்குன்னு வண்டிய நிறுத்துறான் மொதலாளி. இன்னைக்கு நீங்களே பாருங்க."

கங்காணி தவசி இதை டிரைவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். டிரைவர் கன்னையன் கியரை மாற்றினான். ஜீப்பு முனகிக்கொண்டு போடிமெட்டு மலையில் ஏறியது.

ஏலத்தோட்டத்து முதலாளி ராக்கையாவின் அம்பாசிடர் பட்டறையில் கிடந்தது. அதனால் அன்று ஆட்களோடு ஜீப்பில் வந்தார். பின்னால், காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு வந்தார்கள்.

"சட்டையப் பாருங்க. கருப்பு," என்றார் தவசி.

"அழுக்குத் தெரியாதுண்ணே," என்றான் கன்னையன்.

முதலாளி சிரித்துவிட்டார். "சரி, எதுக்குத்தான் நிறுத்துற?"

"இஞ்சின் சூடாயிருது மொதலாளி."

"இஞ்சின் சூடானா ஆம்பளைகளை எதுக்குப் பாறை மேல ஏத்துற?" தவசி விடவில்லை. "ஒருத்தன் கீழ நிக்கக் கூடாது மொதலாளி. தூங்குறவனையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவான். பொம்பளைக மட்டும் மேல வரக் கூடாதாம். பொம்பளை ஆகாத பிள்ளையாரை எந்த ஊர்ல பாத்தோம்?"

முதலாளி பின்னால் திரும்பினார். "என்ன ஆத்தா, நீங்க யாரும் ஒன்னும் கேக்குறதில்லையா?"

"அவரு கோவக்காரச் சாமி மொதலாளி," என்றாள் மொக்கம்மாள். "நாங்க கீழ இருந்தே கும்பிட்டுக்கிறோம்."

யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள்.

"பக்தின்னா எங்க வீட்டுக்காரிகிட்டப் பாக்கணும்," என்றார் முதலாளி. "தோட்டத்துக்கு வர்ற அன்னைக்குப் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா. காப்பிகூட வேண்டாம்னுருவா. மலை ஏறுற நாளு விரதமாம். உனக்கு வாய்தான் இருக்கு கன்னையா."

கன்னையன் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டான்.

"நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்," என்றார் முதலாளி. "பிள்ளையாரை ரோட்டோரமா எறக்கிருவோம். சின்னதா ஒரு கோயில் கட்டிருவோம். ஜீப்புல இருந்தபடியே கும்பிட்டுட்டுப் போயிரலாம். பொம்பளைகளும் பாப்பாங்க. சோலியும் கெடாது."

பின்னால் சிரிப்பு நின்றுபோயிற்று.

"வேண்டாம் மொதலாளி," என்றான் கன்னையன்.

"ஏன்?"

"மேலயே இருக்கட்டும்."

"கோயில் கட்டுறதத் தடுக்குறான் பாத்தீங்களா?" என்றார் தவசி.

முதலாளியின் குரல் மாறியது. "உனக்கு இல்லாத சாமி எங்க இருந்தா உனக்கென்ன? இஷ்டமில்லேன்னா தோட்டத்துல சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

வளைவு வந்தது. கன்னையன் ஜீப்பை ஓரங்கட்டினான்.

"ஆம்பளைக எல்லாம் எறங்குங்க. வெரசா."

பாறையைச் சுற்றிப் படி ஏறியது. மேலே போய்விட்டால் சாலை தெரியாது. பாறை இடுக்கில் முழங்கால் உயரத்துக்குப் பிள்ளையார். மேலே யாரோ செருகிய அருகம்புல்.

கன்னையன் சட்டைப் பையிலிருந்து சூடத்தை எடுத்துத் தவசியிடம் கொடுத்தான். படி முடிகிற இடத்தில் போய், பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நிக்கிற லட்சணத்தப் பாருங்க," என்றார் தவசி.

முதலாளி கும்பிட்டார். திருநீறு பூசிக்கொண்டார். சூடம் அணைந்தது. திரும்பினார். கன்னையன் வழியை விடவில்லை. இன்னொரு சூடத்தை நீட்டினான்.

"ஏத்துங்க மொதலாளி. இன்னும் ஹாரன் அடிக்கல."

"தினம் இதே கதைதான்," என்றார் தவசி. "கீழ பொம்பளைக பொறுமை கெட்டு ஹாரன அடிச்சாத்தான் எங்கள விடுவான்."

"தள்ளுடா," என்றார் முதலாளி.

கன்னையன் அவர் பக்கம் குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"கீழ இருக்குற பேச்சிக்கு எட்டாம் மாசம் மொதலாளி. ஓடைப் பக்கம் போயிட்டு ஏறி வர நேரமாகும்."

"ஓடையில அவளுக்கு என்ன சோலி?"

கன்னையன் தரையைப் பார்த்தான். "விடியுமுன்ன போடியில ஏறுனதுக. இத்தனை ஆம்பளைகள வச்சுக்கிட்டு, வண்டிய நிறுத்துன்னு எப்படிக் கேக்கும்?"

முதலாளி சூடத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையாரிடம் திரும்பிப் போனார்.

"தவசி, உனக்கு ஒரு பாட்டுத் தெரியுமே. பாடு."

"இப்பவா? நேரமாகுது மொதலாளி."

"முழுசாப் பாடு."

தவசி பாடினார். நடுவில் வரி மறந்து, பாடியதையே திரும்பப் பாடினார். முதலாளி கண்ணைத் திறக்கவே இல்லை. பிறகு கீழே ஹாரன் அடித்தது. கன்னையன் ஒதுங்கி வழிவிட்டான்.

பெண்கள் முன்பு இருந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியின் முகத்திலும் கையிலும் ஈரம்.

"சாமி என்ன சொல்லுச்சு மொதலாளி?" என்றாள் மொக்கம்மாள். குரலில் பயம் இருந்தது.

"மேலயே இருக்கேன்னு சொல்லிருச்சு ஆத்தா."

தவசி அவரைப் பார்த்தார். முதலாளி முன்சீட்டில் ஏறி, "எடு கன்னையா," என்றார்.

அடுத்த வாரம் அம்பாசிடர் பட்டறையிலிருந்து வந்தது. தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவர் மனைவி மாயக்காள் வழக்கம்போலக் காப்பியைத் தள்ளி வைத்தாள்.

ராக்கையா செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"குடிச்சிட்டு வா மாயக்கா. வழியில நானும் டிரைவரும் மேல ஏறிப் பிள்ளையாரக் கும்பிடணும். எறங்கி வர நேரமாகும்."