மலைமேல் கப்பல்

"ஏனு சார், ராக்கெட் ரெடியா? சந்திரனுக்கா, செவ்வாய்க்கா?" என்று எதிர்மாடியிலிருந்து லிங்கப்பன் கன்னடம் கலந்து கத்தினார்.

காளிதாஸ் நிமிரவில்லை. மொட்டை மாடியில் அவருடைய அலுமினியக் குழாய் ஆன்டெனா ஏணியோடு கட்டப்பட்டு, மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. கம்பத்தில் ஏற்றிவிட்டால் அப்புறம் கை எட்டாது. அளவையெல்லாம் கீழேயே சரி பார்த்துவிட வேண்டும்.

"ராக்கெட் இல்ல லிங்கப்பா, கப்பல்ல இருக்கறானே எம் பையன், அவங்கூடப் பேசறதுக்கு! நடுக்கடல்ல போன் எடுக்காது. ரேடியோதான்."

"புண்ணியவான் சார் நீங்க. எங்க வீட்டுப் பையன் பக்கத்து ரூம்ல இருந்தே பேசறதில்ல!"

காளிதாஸுக்கு உச்சி குளிர்ந்தது. மனைவி மாதம்மா காபியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பழைய ஒயரு ஆன்டெனாவே போதுமுங்க. இந்த வயசுல கம்பம் ஏத்தறேன்னு கால ஒடச்சுக்கிட்டா ஆரு பாக்கறது?"

"ஒயரு போயிருச்சு புள்ள. முன்னெல்லாம் அவங்கொரலு ஏறும், எறங்கும், காணாமப் போயித் திரும்பி வரும். கடல் தாண்டி வர்ற கொரலு அப்படித்தான். இப்பக் கொஞ்ச மாசமா ஏத்தமுமில்ல, எறக்கமுமில்ல. ஒரே மட்டமா, சீக்காளி மாதிரி கேக்குது."

"கேக்குதில்ல? அது பத்தாதா?"

"பெத்த பையன் கொரலு பத்தும்னு சொல்ற ஆத்தாள இப்பத்தான் பாக்கறேன்!" என்று சிரித்தார்.

மனோஜ்குமார் ஒரே பிள்ளை. கப்பலில் சேர்ந்த புதிதில் ஒருமுறை, "எனக்கு ஒத்துக்கலப்பா, வந்துரட்டுமா?" என்று கேட்டான். "வேலைய விட்டுட்டு வந்தா இந்த வாசப்படி ஏறாத" என்றார் காளிதாஸ். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று அக்ரஹாரப் பகுதி முழுக்க அவருக்குப் பெருமை.

குழாயின் நுனியை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினார். கிளிப்பை முறுக்கினார். அனுப்புகிற அலை வீணாகாமல் போகிறதா என்று காட்டுகிற மீட்டரில், முள் மெல்லச் சாய்ந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒரு மாதத்து உழைப்பு. காளிதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த மாதிரி ஆன்டெனா ஒரு பொல்லாத பிறவி. முகம் திருப்பிய பக்கத்துக் குரலை அப்படியே காதில் கொண்டுவந்து கொட்டும். முதுகுப் பக்கம் கதறினாலும் காதில் போட்டுக்கொள்ளாது. மனிதர்களிலும் உண்டுதானே இப்படி.

ஏணியிலிருந்து அவிழ்த்து, இடுப்பளவுக் குழாய் ஒன்றில் ஆன்டெனாவைப் படுக்கை வசத்தில் மாட்டினார். மேலே ஏற்றுமுன் கடைசிச் சோதனை இது. ஞாயிற்றுக்கிழமை, மகன் பேச வரும் நேரம். ரேடியோவைத் திருகினார்.

"அப்பா… நான் மனோஜு. கேக்குதா? ஓவர்."

"கேக்குதுடா சாமி! எங்கடா இருக்கற?"

"அரபிக்கடல்லதாம்ப்பா. காத்து ஜாஸ்தி. நீங்க சாப்டீங்களா? ஓவர்."

"அத உடு, புது ஆன்டெனா போட்டிருக்கறேன்! நிறுத்தாமப் பேசு. உம்பக்கமாத் திருப்பறேன், பாரு வேடிக்கைய."

"எதுக்குப்பா அதெல்லாம்…" என்று மகன் இழுத்தான். காளிதாஸ் அதற்குள் ஆன்டெனாவை மேற்கே, கடல் இருக்கிற திசைக்குத் திருப்பிவிட்டார்.

குரல் செத்துப்போனது.

பதறிப்போய்ச் சுற்றினார். வடக்கே ஒன்றுமில்லை. கிழக்கே முனகல். தென்கிழக்கே, ஊரை ஒட்டிய சாமுண்டி மலைப் பக்கம் மூக்கு திரும்பியதும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல மகன் குரல் கணீரென்று விழுந்தது. "அப்பா? அப்பா, இருக்கீங்களா?"

மறுபடி மேற்கே. செத்தது. மறுபடி மலை. கணீர்.

"அரபிக்கடல் இந்தப் பக்கம் கெடக்குது, கொரலு அந்தப் பக்கமிருந்து வருது. மலைமேல கப்பலா நிக்குது?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். மைக்கை எடுத்தார். "மனோஜு, அப்பன் முன்ன பின்ன மாத்திப் பூட்டிட்டேன் போலடா. பிரிச்சுப் பாத்துட்டு அடுத்த வாரம் பேசறேன்."

"சரிங்கப்பா" என்றான் மகன். ஓவர் சொல்லவில்லை.

காளிதாஸ் ஸ்பானரை எடுத்து முதல் கிளிப்பைத் தளர்த்தினார். முறுக்கி வைத்த குழாய் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. எதிர்மாடியில் லிங்கப்பன் மெதுவாக உள்ளே போய்விட்டார்.

"ஒரு மாசம் உசுரக் குடுத்துக் கட்டினேன் மாதம்மா. கண்ணு போச்சு, கை போச்சு, புத்தியும் போச்சு. எது மொகம், எது முதுகுன்னே தெரியல எனக்கு."

அடுத்த கிளிப்புக்கு ஸ்பானர் போனது. மாதம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்க்காமல், மலைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"கழட்டாதீங்க. ஆன்டெனா சரியாத்தானுங்க இருக்குது."