பென்சில் கோடு

வேலுசாமியின் உயரத்தை முதல் பிறந்தநாளிலிருந்து வருடாவருடம் குழந்தை வளர்ச்சி ஆய்வு மையத்தில் அளந்து, கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடாகப் பதிந்தவர் அறவாழி. நான்கு வயதில் சந்தைக் கூட்டத்தில் பையன் தொலைந்து போனான். அதற்குப் பிறகும் அவன் பிறந்தநாளன்று தாய் பவுனம்மா தனியாக வந்து நிற்பாள். "இப்ப எம்புட்டு ஒசரம் இருப்பான் சார்?" பிள்ளைகள் அநேகமாகத் தங்கள் வளர்ச்சிக் கோட்டை விட்டு விலகாமல்தான் வளர்வார்கள் என்பது அறவாழி படித்த படிப்பு. நான்கு புள்ளிகளோடு நின்றுபோன கோட்டைப் பென்சிலால் நீட்டி அவர் உயரம் சொல்லுவார். அந்த அளவுக்கு அவள் ஒரு சட்டை தைத்து வைப்பாள். இந்த வருடம் பென்சில் தாளின் ஓரத்தில் முட்டி நின்றது. பதினெட்டு வயதுக்கு மேல் அதில் கட்டங்கள் இல்லை.

"நூத்தி அறுபத்தெட்டு சென்டி. இனிமே வளரமாட்டான்மா."

பவுனம்மா கோட்டின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இந்த அளவுக்குத் தைக்கிற சட்டை, அவன் எப்ப வந்தாலும் பத்தும்ல சார்?"

அறவாழி சுவரோரம் நின்ற அளவுகோலைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளின் ஓரத்தில் இன்னொரு வெள்ளைத் தாளை வைத்து ஒட்டினார்.

"கைக்கு மட்டும் உள்பக்கமா ரெண்டு விரக்கடை துணி மடிச்சு விட்டுத் தைங்க. அடுத்த வருசம் வாங்க, பாத்துச் சொல்றேன்."