ரத்தக்கட்டு

"இந்த வாரமும் கதவுல இடிச்சுக்கிட்டியாடி?"

கேட்டுவிட்டு, சூடான கற்களின் மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினாள் ஹில்க்கா. புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

தம்பெரே நகரத்தின் அந்த அடுக்ககத்தில் சவுனா எனும் பொது நீராவிக் குளியலறை வியாழக்கிழமை மாலை பெண்களுக்கு. உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் உட்காரும் இடத்தில் யாரிடம் எதை மறைப்பது? எதிர்வீட்டு மெர்யாவின் தொடையிலும் தோளிலும் நீலநீலமாய் ரத்தக்கட்டுகள்.

"சத்தியமா எப்படி வந்துச்சுன்னே தெரியலடி."

"உனக்கே தெரியாம எப்படிடி அடி விழும்? உன் புருஷன் ரெய்யோ குடிக்கிறானா?"

"சீச்சீ! அவர் ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார்."

"எங்கக்காவும் அவ புருஷனைப் பத்தி இப்படித்தான் சொன்னா. நானும் நம்பித் தொலைச்சேன். கடைசியில அவளைச் சவப்பெட்டியிலதான் பார்த்தேன்."

மெர்யா தோளைக் கையால் மூடிக்கொண்டாள். ஹில்க்கா அந்தக் கையை விலக்கினாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டறோம். அப்புறம் நேரா போலீஸ்."

"ஐயோ, அவர் மானம் போயிடும்டி!"

"உன் உயிரைவிட அவன் மானம் பெருசா?"

மறுநாள் அவளைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். விஷயம் தெரிந்து ரெய்யோ ஓடிவந்தபோது, அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் ஹில்க்கா.

"உள்ள போகாதே! இதுவரைக்கும் அடிச்சது போதாதா?"

"நானா?" ரெய்யோவின் முகம் வெளுத்துப்போனது.

மாட்டிக்கொண்டான் என்று ஹில்க்கா நினைத்தபோது டாக்டர் வெளியே வந்தார்.

"யாரும் அடிக்கலைம்மா. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இவங்களுக்கு அடியோட குறைஞ்சிருக்கு. லேசா பட்டாலே உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். மூளையில கசிஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மருந்து ஆரம்பிச்சாச்சு, பிழைச்சுக்குவாங்க."

ஹில்க்கா கூனிக்குறுகிப் போனாள். "என்னை மன்னிச்சிடுங்க ரெய்யோ. உங்களைப் போய் நான்..."

ரெய்யோ அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். கண்கள் கலங்கியிருந்தன.

"அந்த ரத்தக்கட்டையெல்லாம் நானும் பார்த்தேங்க, தானா சரியாயிடும்னு விட்டுட்டேன். நீங்களும் என்னை நல்லவன்னு நம்பியிருந்தா, என் மெர்யா செத்திருப்பா."